சோயா தேன் சிக்கன்: ஓவன் இல்லாமல், ஒரே வாணலியில், பளபளவென்று செய்வது எப்படி

வீட்டில் முதன்முறையாகத் தேன் சிக்கன் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சோயா சாஸ், தேன், இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு என்று எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கலந்து, கறியில் பிசைந்து ஊறவைத்து, அப்படியே வாணலியில் கொட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வெளிப்புறம் கருகிவிடும், எலும்போரம் பச்சையாகவே இருக்கும். பயந்துபோய் தீயைக் குறைத்தால் கறி தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடும்.

உப்பு முதலில், இனிப்பு கடைசியில். இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும். உப்பு கறிக்குள் இறங்க நேரம் கேட்கும். இனிப்புக்கு உள்ளே வேலையே கிடையாது. மேலே ஒட்டிக்கொண்டு மினுமினுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஊறவைக்க ஒரு கலவை, கடைசியில் பூச ஒரு பாகு என்று இரண்டாகப் பிரித்தே செய்யப்போகிறோம்.

அளவு நான்கு பேருக்கு. அடுப்பு வேலை ஏறத்தாழ முக்கால் மணி நேரம். ஊறும் நேரம் தனி.

1. எடுத்து வைக்க வேண்டியவை

மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி. பாகு விஷயத்தில் கண் அளவு சரிப்படாது, கரண்டியால் அளந்துவிடுங்கள்.

ஊறவைக்க:
- எலும்போடு கோழித் தொடை, கால் துண்டுகள்: 1 கிலோ
- லைட் சோயா சாஸ்: 2 மேசைக்கரண்டி
- உப்பு: அரைத் தேக்கரண்டி
- பூண்டு: 6 பல்
- இஞ்சி: ஒரு அங்குலத் துண்டு
- கொரகொரப்பாகப் பொடித்த மிளகு: 1 தேக்கரண்டி
- கடலை எண்ணெய்: 1 மேசைக்கரண்டி

பாகுக்கு:
- தேன்: 3 மேசைக்கரண்டி
- லைட் சோயா சாஸ்: 2 மேசைக்கரண்டி
- டார்க் சோயா சாஸ்: 1 தேக்கரண்டி, நிறத்துக்கு
- தண்ணீர்: 4 மேசைக்கரண்டி
- பொடியாக நறுக்கிய பூண்டு: 4 பல்
- காய்ந்த மிளகாய்: 2, கிள்ளியது
- எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி, இறக்கும்போது சேர்க்க

வறுக்கத் தனியாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மேலே தூவ வறுத்த வெள்ளை எள் கொஞ்சம்.

சோயா சாஸ் பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். லைட் என்பது நீர்த்தும் உப்பாகவும் இருக்கும், டார்க் என்பது கெட்டியாகக் கறுப்பாக இருக்கும். நம் ஊர் மளிகைக் கடைகளில் பல நேரம் டார்க் மட்டும்தான் கிடைக்கும். அதை இரண்டு கலவையிலும் முழு அளவு ஊற்றினால் கறி தார் பூசியதுபோல ஆகிவிடும். டார்க் மட்டும் இருந்தால் அளவைப் பாதியாக்கி, மிச்ச உப்பை உப்பாகவே போட்டுக்கொள்ளுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு உப்பு மாறும் என்பதால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தேன் இல்லையா? 50 கிராம் கருப்பட்டியைத் தட்டி, பாகுக்கான அந்த நான்கு கரண்டித் தண்ணீரிலேயே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் விட்டால் அடியில் தங்கும் மண் பல்லில் நறநறக்கும். மிளகோடு கருப்பட்டி சேரும்போது வருகிற ருசி தேனைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. சமைத்தாலும் அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் சாகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பாகில் விரலைத் தொட்டு அதன் வாயில் வைக்கிற பாசக்காரர்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

2. கறிக்கடையில் எப்படிக் கேட்பது

"அண்ணே, லெக் பீஸ் ஒரு கிலோ. தொடை தனியா, கால் தனியா, மூட்டுல மட்டும் வெட்டிப் போடுங்க. குழம்புக்கு வெட்டுற மாதிரி வேண்டாம்." இப்படித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கத்தி தன் வழக்கப்படி சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுவிடும். குழம்புத் துண்டில் பாகு ஏற்ற முடியாது. எலும்புச் சில்லு சில்லாக இருக்கும், வெந்து கெட்டியாவதற்கும் பாகு பிடிப்பதற்கும் நடுவே நேரமே கிடைக்காது.

ஏன் தொடை? அதில் கொழுப்பும் சவ்வும் அதிகம். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் சவ்வு கரைந்து மிருதுவாகத்தான் ஆகும். நெஞ்சுக்கறி அப்படி மன்னிக்காது. இரண்டு நிமிடம் தாண்டினால் சக்கை. வீட்டில் நெஞ்சுக்கறிதான் பிடிக்கும் என்றால் எலும்பில்லாமல் வாங்கி, ஒரே தடிமனாகத் தட்டி, இங்கே சொல்லும் நேரத்தில் பாதிக்கும் குறைவாக வேகவையுங்கள்.

தோலோடு வாங்கினால் பாகு அழகாக ஏறும், மொறுமொறுப்பும் கிடைக்கும். நம் வீடுகளில் தோலைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோல் உரித்தும் செய்யலாம், வறுக்கும் நேரம் மட்டும் மாறும். அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

நாட்டுக்கோழி இதற்கு ஒத்துவராது. அது வேகிற நேரத்துக்கு வாணலி காய்ந்துபோகும். அதைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

3. கழுவுதல், துடைத்தல்

பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று வெளிநாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. குழாய்த் தண்ணீர் தெறித்து, கறியிலுள்ள கிருமி மேடை முழுக்கப் பரவும் என்பது காரணம். கண்ணெதிரே அறுத்து வாங்கும் கறியில் ரத்தமும் இறகு முனையும் ஒட்டியிருக்கும்போது கழுவாமல் சமைக்க நம்மில் யாருக்கும் மனம் வராது. சரி, ஒரு நடுவழி: குழாயைத் திறந்து அதன் கீழே காட்டாமல், அகலப் பாத்திரத்தில் தண்ணீரும் மஞ்சள்தூளும் விட்டு, அதற்குள்ளேயே மெதுவாக அலசி எடுங்கள். அப்புறம் தொட்டியையும் மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அலசியதும் சல்லடையில் பத்து நிமிடம் வடியட்டும். பிறகு சுத்தமான துணியாலோ டிஷ்யூ காகிதத்தாலோ ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஈரக் கறியில் கலவை நீர்த்துப் போகும், வாணலியில் அந்த ஈரம் ஆவியாகும்வரை கறி சிவக்காது.

துடைத்த பிறகு எலும்பின் இரு பக்கமும் கத்தியால் ஒவ்வொரு கீறல், எலும்பைத் தொடும் ஆழத்துக்குப் போடுங்கள். தோல் இருந்தால் தோலில்லாத அடிப்பக்கத்தில் மட்டும் கீறுங்கள். உப்பு உள்ளே போகவும் எலும்போரம் சீக்கிரம் வேகவும் இந்தக் கீறல்தான் வழி.

4. ஊறவைக்கும் கலவை

இஞ்சியையும் பூண்டையும் நசுக்கிக்கொள்ளுங்கள். சோயா சாஸ், உப்பு, மிளகு, எண்ணெய் எல்லாம் சேர்த்து, கறியில் கீறலுக்குள்ளும் விரலை விட்டுத் தடவுங்கள். தோலுக்கு அடியில் கை போகும் இடங்களில் அங்கேயும்.

இந்தக் கலவையில் மூன்று பொருள் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்: தேன், எலுமிச்சை, தயிர்.

தேன் ஏன் இல்லை என்பது தெரியும். தேனில் உள்ள பழச்சர்க்கரை சாதாரண சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். கறி வேக அரை மணி நேரம் ஆகும் ஓர் அடுப்பில் அவ்வளவு நேரம் அது தாங்காது.

எலுமிச்சையின் புளிப்பு கறியின் மேல்புறத்தை மட்டும் தாக்கும். அரை மணி நேரம் பரவாயில்லை. இரவு முழுக்க ஊறினால் மேல்பாகம் மாவுமாவாகி, வறுக்கும்போது உதிரும். புளிப்பைக் கடைசியில் பாகில் சேர்த்தால் வாசமும் அப்படியே நிற்கும்.

தயிர் தந்தூரிக்குச் சரி. வாணலியில் அது திரிந்து அடிப்பிடிக்கும், அந்த அடிப்பிடிப்பின் மேல் பாகு ஊற்றினால் கசக்கும்.

உப்பு, சோயா சாஸின் உப்பு இரண்டும்தான் கறிக்குள் உண்மையாகவே இறங்குபவை. பூண்டு, மிளகு வாசமெல்லாம் பெரும்பாலும் மேலேதான் தங்கும். ஆகவே உப்புச் சரியாக இருந்தால் ஊறல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உப்பு குறைந்தால் பாகை எவ்வளவு ருசியாகச் செய்தாலும் கடித்ததும் உள்ளே சப்பென்று இருக்கும்.

5. எவ்வளவு நேரம் ஊறட்டும்?

குறைந்தது ஒரு மணி நேரம், வசதியானது நான்கு மணி நேரம், காலையில் தடவி வைத்து ராத்திரி சமைப்பது வேலைக்குப் போகிற வீடுகளுக்கு ரொம்பத் தோது. ஒரு நாளைத் தாண்ட வேண்டாம்.

காலையிலேயே ஊறவைப்பதாக இருந்தால் இஞ்சியை மட்டும் அப்போது சேர்க்காமல், சமைக்க அரை மணி நேரம் முன்பு தடவுங்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பப்பாளிக்காய் செய்கிற அதே வேலை. நேரம் அதிகமானால் மேல்புறம் கொழகொழவென்று ஆகிவிடும்.

ஊறுவது ஃபிரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும். கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மேல்தட்டில் வைத்துச் சொட்டினால் கீழே இருக்கும் தக்காளி, தயிர் எல்லாம் கெட்டது. அரை மணி நேரம்தானே என்று மேடையில் வைத்து, சீரியல் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து நினைவுக்கு வருவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

சமைக்க இருபது நிமிடம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்ற கறியைச் சூட்டில் போட்டால் வெளியே சிவந்து உள்ளே பின்தங்கும்.

6. பாகுக் கலவையை முன்கூட்டியே கலந்து வைத்தல்

எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய் தவிர மற்றவற்றை ஒரு டம்ளரில் கலந்து அடுப்பருகே வைத்துவிடுங்கள். பாகு ஏறும் நேரம் மூன்று நான்கு நிமிடம்தான். அப்போது தேன் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டக் கூடாது.

ஊறிய பாத்திரத்தில் மிஞ்சிய சாற்றைப் பாகில் ஊற்றிவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது பச்சைக் கறி ஊறிய சாறு. கடைசி நேரத்தில் ஊற்றினால் சரியாகக் கொதிக்காது. வீணாக்க மனமில்லை என்றால் ஒன்பதாம் படியில் மூடி வேகவைக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக விடுங்கள், அங்கே கால் மணி நேரம் நன்றாகக் கொதித்துவிடும். அப்படிச் செய்தால் பாகில் சோயா சாஸை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

7. எந்தப் பாத்திரம்?

அடி கனமான, அகலமான, மூடி போடக்கூடிய வாணலி. 28 செ.மீ. அகலம் இருந்தால் ஒரு கிலோவை இரண்டு தவணையில் வறுக்கலாம். நான்ஸ்டிக் என்றால் புதியவர்களுக்குச் சுலபம்; வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் காயவிடாமல் இருந்தால் போதும்.

வீட்டு தோசைக்கல்லை மட்டும் எடுக்காதீர்கள். புளிப்பும் இனிப்பும் கொதித்தால் இத்தனை வருஷமாக ஏறிய எண்ணெய்ப் பதம் இறங்கிவிடும். மறுநாள் காலை முதல் தோசை வராமல் ஒட்டும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய அலுமினிய வாணலியும் வேண்டாம், நடுவில் மட்டும் கருகும்.

8. வறுத்தல்

கறியில் ஒட்டியிருக்கும் இஞ்சி பூண்டுத் துணுக்குகளை விரலால் வழித்துவிடுங்கள். ருசி போய்விடுமே என்று இதைச் செய்யத் தயங்குவார்கள். அது தன் வேலையை முடித்துவிட்டது. வாணலியில் முதலில் கருகுவது அந்தத் துணுக்குதான், கருகிய பூண்டின் கசப்பு கடைசிவரை போகாது. ஈரம் மினுங்கினால் மறுபடி ஒருமுறை ஒற்றி எடுங்கள்.

வாணலியை மிதமான தீயில் வைத்து எண்ணெய் விடுங்கள். எண்ணெய் காய்ந்து, கறியின் ஓரத்தை வைத்ததும் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கி அடைத்தால் ஒவ்வொரு துண்டும் விடுகிற தண்ணீர் ஆவியாக இடமின்றி, கறி வறுபடாமல் வெந்துவிடும். வெளுத்த, சாம்பல் நிறக் கறியாக வருவதற்கு இதுதான் முதல் காரணம். உறைந்த பாக்கெட் கறி என்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

வைத்தபின் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தோலோடு என்றால் ஏழெட்டு நிமிடம், தோல் இல்லாமல் என்றால் நான்கைந்து நிமிடம், நகர்த்தவே கூடாது. முதலில் கறி பாத்திரத்தோடு ஒட்டும். சிவந்ததும் தானாகவே விட்டுவிடும். இடுக்கியால் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்தால் வரவில்லையா, இன்னும் ஒரு நிமிடம். பலம் போட்டு இழுத்தால் தோல் அடியிலேயே தங்கிவிடும்.

நல்ல பொன்முறுவல் நிறம் வந்ததும் திருப்பி, மறுபக்கம் மூன்று நான்கு நிமிடம். இரண்டாவது தவணையையும் இதேபோல் வறுத்து, எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வையுங்கள். இது இன்னும் வேகாத கறி, பசியில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. மூடி வேகவைத்தலும் வெந்ததா என்று பார்த்தலும்

எல்லாத் துண்டுகளையும் தோல் மேலே இருக்கும்படி வாணலிக்குள் திரும்ப அடுக்குங்கள். இப்போது நெருக்கமாக இருந்தால் பரவாயில்லை, வறுபட்டு முடிந்துவிட்டது. மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து, மூடி போட்டு 15 நிமிடம் விடுங்கள். தொடை பெரிதாக இருந்தால் 18 கூட ஆகும்.

அந்த நேரத்தில் பக்கத்து அடுப்பில் ரசம் கூட்டிவிடலாம்.

வெந்ததைப் பார்க்கச் சரியான கருவி சமையல் தெர்மாமீட்டர். பெரிய துண்டின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பின் எல்லைக்கோடு. தொடைக்கறி அங்கே நின்றால் கொஞ்சம் ரப்பராக இருக்கும். 80 தாண்டினால்தான் சவ்வு இளகி எலும்பிலிருந்து விடும்.

கருவி இல்லாத வீட்டில் ஒரு துண்டை எடுத்து எலும்போரம் கத்தியால் திறந்து பாருங்கள். உள்ளே கண்ணாடிபோல, ஜவ்வாக மினுங்கினால் வேகவில்லை. நார்நாராகப் பிரிந்து மங்கிய நிறமாக இருந்தால் வெந்தது. கால் துண்டில் நுனி எலும்பு வெளியே தெரியும்படி சதை மேலே ஏறியிருக்கும்.

எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலே பச்சை என்று நினைத்து மேலும் பத்து நிமிடம் வைப்பவர்கள் உண்டு. பிராய்லர் இளங்கோழி. அதன் எலும்பு மஜ்ஜையின் நிறம் ஒட்டிய சதையில் இறங்கும், நன்றாக வெந்த பிறகும் அது போகாது. நிறத்தைவிட சதையின் தன்மையை நம்புங்கள்.

10. பாகு ஏற்றுதல்

இதுவரை செய்ததெல்லாம் இந்த நான்கு நிமிடத்துக்காக. ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

வெந்த கறியைத் தட்டில் எடுங்கள். வாணலியில் சாறும் அதன் மேல் கொழுப்பும் இருக்கும். மேலே மிதக்கும் கொழுப்பை ஒரு கரண்டி அளவு விட்டுவிட்டு மிச்சத்தை வழித்து எடுத்துவிடுங்கள். கொழுப்பு அதிகமானால் பாகு கறியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் இருக்கும் சாற்றைக் கொட்டவே கூடாது. எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கிய பசை அதில் இருக்கிறது, பாகுக்கு உடம்பு கொடுப்பது அதுதான்.

தீயை மிதமாக்கி, நறுக்கிய பூண்டையும் மிளகாயையும் போட்டு அரை நிமிடம் வதக்குங்கள். கலந்து வைத்த பாகை ஊற்றி, மரக்கரண்டியால் அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் சுரண்டிக் கரையுங்கள்.

முதலில் சிறுசிறு குமிழாக, வேகமாகக் கொதிக்கும். அது தண்ணீர் போகிற நேரம். இரண்டு நிமிடத்தில் குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். சத்தமும் மாறும். இப்போது கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொண்டால் கறியைப் போடும் நேரம்.

அதிரசத்துக்குப் பாகு எடுத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. நமக்கு வேண்டியது பிசுக்குப் பதம். கம்பிப் பதத்துக்குப் போய்விடக் கூடாது, ஏனென்றால் ஆறும்போது பாகு இன்னும் ஒரு சுற்று இறுகும். அடுப்பில் இருக்கும்போதே சரியாக இருக்கிறது என்று தோன்றினால் தட்டுக்கு வரும்போது மிட்டாயாகியிருக்கும்.

கறியைப் போட்டு, வாணலியைச் சாய்த்து, பாகைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு துண்டும் மெழுகியதுபோல் மின்னும், அடியில் இரண்டு மூன்று கரண்டிப் பாகுதான் மிச்சம் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டு ஒரு புரட்டு.

இந்த இடத்தில் வருகிற சங்கடங்கள்:

பாகு கெட்டியாகிக் கரண்டியில் இழைகிறது. ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சுழற்றுங்கள், திரும்பி வந்துவிடும். நிறம் கறுக்காத வரை பயமில்லை.

எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது. தண்ணீர் முழுக்க வற்றிவிட்டதன் அடையாளம். இதற்கும் அதே வெந்நீர்தான்.

நீர்த்தே இருக்கிறது, கறியில் ஒட்டவில்லை. கறியை வெளியே எடுத்துவிட்டுப் பாகை மட்டும் வற்றவிடுங்கள். கறியோடு சேர்த்து வற்றவைத்தால் கறி காய்ந்துவிடும். சோளமாவு கரைத்து ஊற்றுகிற குறுக்குவழி பலருக்கும் தெரியும். கெட்டியாகும், ஆனால் பளபளப்பு மங்கி ஓட்டல் கிரேவிபோல ஆகிவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

உப்பு தூக்கலாகிவிட்டது. எலுமிச்சையும் தேனும் இன்னும் கொஞ்சம் விட்டு ஓரளவு சமாளிக்கலாம். பக்கத்தில் உப்பில்லாத வெறும் சோறு வையுங்கள்.

கறுத்துப்போய்ப் புகை வாசம் வருகிறது. இதற்கு மருந்தில்லை. கறியை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, புதிதாகப் பாதி அளவு பாகு தனிக் கிண்ணத்தில் காய்ச்சி மேலே ஊற்றுங்கள்.

11. பரிமாறுதல்

அணைத்ததும் ஐந்து நிமிடம் விடுங்கள். பாகு கறியில் பிடித்து நிற்கவும், உள்ளே இருக்கும் சாறு கடித்ததும் ஓடாமல் இருக்கவும் இந்த இடைவேளை தேவை. மூடி மட்டும் போட வேண்டாம், ஆவி பட்டால் பளபளப்பு போய்விடும். எள்ளைத் தூவுங்கள்.

நெய்ச்சோறு, சப்பாத்தி இரண்டுக்கும் போகும். என்னைக் கேட்டால் வெறும் சோறும் மிளகு ரசமும்தான் இதற்கு ஜோடி. இனிப்பும் உப்பும் கனத்த கறிக்கு எதிரே புளிப்பாக ஏதாவது இருக்க வேண்டும். வெள்ளரிக்காயை நறுக்கி வினிகரும் உப்பும் பிசிறி வைத்தாலும் போதும்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாது என்றால் பாகில் மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போட்டு, குழந்தைகளின் துண்டை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் மிளகாயை நசுக்குங்கள். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருந்தால் ஊறலில் உள்ள தனி உப்பை விட்டுவிடலாம். சோயா சாஸிலேயே போதுமான உப்பு இருக்கிறது. பெரும்பாலான சோயா சாஸில் கோதுமையும் உண்டு, கோதுமை சேராதவர்கள் பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வாணலி சூடு குறைந்ததும், பாகு இறுகுமுன் வெந்நீர் ஊற்றி ஊறவிடுங்கள். சர்க்கரை தானாகக் கரைந்துவிடும். கம்பி நாரால் தேய்க்க வேண்டியிருக்காது.

12. ஏர் ஃப்ரையர், ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கும் சின்ன மின் ஓவன்) இருந்தால்

ஊறவைப்பதுவரை எல்லாம் அதேதான். 200 டிகிரிக்கு முன்சூடேற்றி, தோலோடு தொடையை ஏர் ஃப்ரையரில் 20 நிமிடம், ஓ.டி.ஜி.யில் 30 நிமிடம், எதுவும் பூசாமல் வேகவிடுங்கள். ஓ.டி.ஜி.யில் தட்டின் மேல் அலுமினியத் தாள் விரித்துவிட்டால் கழுவுகிற வேலை மிச்சம்.

பாகை மட்டும் அடுப்பில் வற்றவைத்துக்கொள்ளுங்கள். கறி கிட்டத்தட்ட வெந்ததும் பிரஷ்ஷால் ஒரு பூச்சு, நான்கு நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு, மறுபடி மூன்று நான்கு நிமிடம். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வழிந்து தட்டில் கருகும். மெல்லிதாக இரண்டு முறை பூசினால் அடுக்கடுக்காகப் பிடிக்கும்.

13. மிச்சமானால்

இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் நன்றாக இருக்கும். சூடாக்க, வாணலியில் ஒரு கரண்டி தண்ணீரோடு சிறுதீயில் மூடி வையுங்கள், பாகு இளகி மறுபடி மின்னும். மைக்ரோவேவில் வைத்தால் பாகு ஓரங்களில் வெடித்துக் கருகி, கறி ரப்பராகும்.

எலும்பிலிருந்து உதிர்த்து, முட்டையோடு சேர்த்து மறுநாள் காலை பழைய சோற்றைக் கிளறிப் பாருங்கள். தனியாக உப்போ சாஸோ போடத் தேவையில்லை, கறியில் இருக்கும் பாகே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதற்காகவே நான் ஒன்றரைக் கிலோ வாங்குவதுண்டு.